வாரும் கடிகாரமும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கும்போதுதான் நம் வகுப்பில் பலருக்கும் கைக்கடிகாரத்தின் நினைவு வருகிறது. கைப்பேசியைத் தேர்வுக் கூடத்துக்குள் கொண்டுபோக முடியாது. கைப்பேசியின் தம்பியான ஸ்மார்ட் வாட்சுக்கும் அனுமதி கிடையாது. சுவர்க் கடிகாரம் உள்ள அறை வாய்ப்பது அவரவர் அதிர்ஷ்டம். ஆகவே தேர்வுக்கு முதல் நாள் மாலை, அண்ணனுடையதோ அப்பாவுடையதோ ஏதோ ஒன்றைப் பெட்டியைத் துழாவி எடுத்து, செல் போட்டுக் கட்டிக்கொண்டு வருகிறோம். தேர்வு முடிந்ததும் அது பழையபடி பெட்டிக்குள் போய்விடுகிறது. ஆண்டு முழுவதும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் வேறு வேறு கடிகாரம் கட்டிக்கொண்டு வருபவன் ஒருவன் வகுப்பில் இருந்தால் நண்பர்கள் சும்மா விடுவார்களா? எனக்கு "ஜமீன்" என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

அந்த ஜமீனின் சொத்துக் கணக்கை இங்கேயே வெளியிட்டுவிடுகிறேன். கைக்கடிகாரங்கள் 3, தோல் வார்கள் 9. கடிகாரங்கள் மூன்றும் பிறர் கட்டிக் கழித்தவை. இரண்டு எச்.எம்.டி., ஒன்று டைட்டன். முந்திரிப் பருவத்தில் தோப்புகளில் கொட்டை பொறுக்கிக் கிடைத்த கூலியில் வாங்கியவை. புதுச்சேரி நேரு வீதியில் கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்திருக்கும் சுவிட்சர்லாந்துச் சீமான்களின் முன் இவை நிற்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிக்கு வெளியே நான் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு பருவப் பாடத்தை ஒழுங்காகப் படித்து முடித்திருக்கலாம் என்று அம்மா சொல்வார். அதுவும் உண்மைதான்.

விலை உயர்ந்த கடிகாரம் என்றால் மிகச் சரியாக மணி காட்டும் கடிகாரம் என்று எண்ணுவோர் உண்டு. அப்படி இல்லை. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றோடு அந்தப் போட்டி முடிந்துவிட்டது. இன்று பேருந்து நிலையத்துத் தள்ளுவண்டியில் விற்கும் கடிகாரத்திலும் ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து கணக்குத் தவறாமல் முள்ளை நகர்த்துகிறது. பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் சுவிஸ் கடிகாரமோ சுருள்வில்லையும் சமனச் சக்கரத்தையும் நம்பி ஓடுவது. நாளுக்குச் சில விநாடிகள் முன்னோ பின்னோ போகும். என்னுடைய எச்.எம்.டி. ஜனதாவும் அதே சாதிதான். நொடிக்கு 5 தட்டு, மணிக்கு 18,000, நாளொன்றுக்கு 4,32,000. காலையில் எழுந்ததும் சாவி கொடுக்க வேண்டும். மறந்தால் மறுநாள் நின்றுவிடும். நிற்கக்கூடிய ஒரு பொருளை நம் கையால் ஓடவைக்கிறோம் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. காதருகே வைத்துக் கேட்டுப் பாருங்கள். செல் போட்ட கடிகாரம் அந்த ஒலியைத் தராது.

ஜனதாவின் வரலாறு நம் பேராசிரியர்கள் பலருக்கு அவர்கள் வீட்டு வரலாறாகவே இருக்கும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. 1961-இல் முதல் கடிகாரங்களை நேரு வெளியிட்டார். அதன்பின் சுமார் கால் நூற்றாண்டு, மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு எச்.எம்.டி. கடிகாரமும் போட்டாக வேண்டும் என்று பெண் வீட்டாரை வருத்திய பொருளாகவும் அது இருந்தது. எத்தனை மாமனார்கள் அதற்காகக் கடன்பட்டார்களோ! பிறகு 1984-இல் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கைகோத்துத் தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை அனுப்பத் தொடங்கியது. டைட்டன் என்ற பெயரிலேயே பின்பாதி தமிழ்நாடுதான். 2016-இல் எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. மூடிய பிறகுதான் இளைஞர்கள் பழைய ஜனதாவையும் பைலட்டையும் தேடித் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் இருக்கும்போது எதற்கும் மதிப்பில்லை!

இவ்வளவும் கடிகாரத்தைப் பற்றி. நான் எழுத வந்தது வாரைப் பற்றி.

கடைக்குப் போய் "வார்" என்று கேட்டால் யாருக்கும் புரியாது. "வாட்ச் பெல்ட்" என்றுதான் கேட்க வேண்டும். கடைக்காரர் ஓர் அட்டையில் வரிசையாகக் குத்திவைத்திருப்பதைக் காட்டுவார். முக்கால்வாசி ரெக்சின். ஆறு மாதத்தில் மடிப்பில் வெடித்து உள்ளே இருக்கும் அட்டை பல்லிளிக்கும். எண்பதாயிரம் ரூபாய்க் கடிகாரம் கட்டுகிறவரும் இந்த இடத்தில்தான் கஞ்சத்தனம் செய்கிறார். ஆனால் வரலாற்றைப் பார்த்தால் கைக்கடிகாரம் என்ற ஒன்றை உண்டாக்கியதே வார்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஆண்கள் கடிகாரத்தைச் சட்டைப் பையில் சங்கிலியோடு வைத்திருந்தார்கள்; மணிக்கட்டில் கட்டுவது பெண்களின் அணிகலன் என்று கேலி செய்தார்கள். தென்னாப்பிரிக்கப் போயர் போரில் குதிரைமேல் இருந்த படையதிகாரிகளுக்குப் பைக்குள் கைவிட்டு மணி பார்க்க நேரமில்லை. பைக்கடிகாரத்தைத் தோல் கிண்ணத்தில் பொருத்தி, அந்தக் கிண்ணத்துக்கு வார் வைத்துக் கையில் கட்டிக்கொண்டார்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அது எல்லாருக்கும் வழக்கமாயிற்று. போர் முடிந்து திரும்பியவர்களைப் பார்த்துக் கேலி செய்ய யாருக்கும் துணிவில்லை. கடிகாரம் பையிலிருந்து கைக்கு வந்தது ஒரு முழத்துக்கும் குறைவான தோலினால்.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரியுமுன் என் தாத்தாவிடம் தெரிந்தது. பண்ருட்டிக்கும் நெய்வேலி ஆர்ச்கேட்டுக்கும் இடையே, கும்பகோணம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் காடாம்புலியூர். அங்கே சாலையோரத்துப் புளியமரத்தடியில் செருப்புத் தைத்தவர் அவர். சாலையை அகலப்படுத்தியபோது அந்த மரம் போயிற்று. இப்போது ஒரு டீக்கடையின் சாய்ப்புக்குக் கீழே உட்காருகிறார். வயது எண்பதை நெருங்குகிறது. இதை நம் கல்லூரி மலரில் எழுதலாமா என்று நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஆனால் எழுதப் போகிறேன் என்றதும் அம்மாதான், "எதுக்குடா அதெல்லாம்?" என்றார். அம்மா முந்திரி உடைக்கும் வேலை பார்ப்பவர். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு அவர் விரல்கள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்த எண்ணெய் பட்டால் கடிகார வாரும் பாழ். ஆகவே எங்கள் வீட்டில் அம்மா வேலை முடிந்து வரும் நேரத்தில் கடிகாரங்களை உயரத்தில் எடுத்து வைத்துவிடுவது வழக்கம்.

தாத்தாவின் சொந்த ஊர் காடாம்புலியூர் அன்று. அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே அவருடைய அப்பா ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்தார்; கவலை இறைக்கும் சாலுக்குத் தோல் வால் தைத்தார். தைத்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஊர்த்தெருவில் நடக்க வேண்டும். காலில் போடக் கூடாது. கூலி என்று காசு கிடையாது. அறுவடையின்போது களத்தில் ஒதுங்கி நின்றால் அளந்து போடுவார்கள். எவ்வளவு என்பதை அளக்கிறவர் முடிவு செய்வார். 1957-இல் நெய்வேலியில் சுரங்கம் வெட்டும் வேலை தொடங்கியது; 1961-இல் நிலக்கரி தென்பட்டது; 1962-இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அந்தக் கூட்டத்தை நம்பி, பதினாறு வயதில், ஒரு சாக்குப் பையில் கருவிகளைப் போட்டுக்கொண்டு தாத்தா இந்தச் சாலைக்கு வந்து சேர்ந்தார். "இங்க வந்தவன் எவனும் நீ யாருன்னு கேக்கலப்பா, செருப்பு எப்ப கெடைக்கும்னுதான் கேட்டான்" என்பார்.

மூன்று ஷிப்டு ஓடும் ஊரில் கடிகாரம் ஆடம்பரமன்று, தேவை. மண்வெட்டி பிடித்தவரும் கடிகாரம் கட்டினார். செம்மண் புழுதி, நிலக்கரித் தூள், வியர்வை மூன்றும் சேர்ந்தால் எந்த வாரும் ஓராண்டு தாங்காது. செருப்புத் தைக்க வந்தவர்கள் வாரையும் நீட்ட, தாத்தா கடிகார வார் தைக்கப் பழகியது இப்படித்தான். அவர் கைக்கு வராத கடிகாரம் இல்லை. ஜனதா, சோனா, பைலட், ஃபாவர் லூபா, வெஸ்ட் எண்ட். எழுத்தே புரியாத ஒரு ரஷ்யக் கடிகாரம் வந்ததையும் சொல்வார். முதல் எழுத்து "நம்ம வீட்டு நிலப்படி மாதிரி" இருந்ததாம். போருக்குப் பின் சோவியத்தில் செய்யத் தொடங்கிய போபெதாவாக அது இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ரஷ்ய எழுத்தில் "ப" அசல் நிலப்படிதான். போபெதா என்றால் வெற்றி என்று பொருள்.

இத்தனை கடிகாரங்களை மடியில் வைத்து வேலை பார்த்த மனிதர் தாம் ஒன்றும் கட்டிக்கொண்டதில்லை. கேட்டால், "ஷிப்டு பஸ்ஸு போவுதுல்ல, அதான் மணி" என்பார்.

வாரும் கடிகாரமும் பொருந்துவதில் ஒரு ருசி இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. தங்க முலாம் பூசிய கடிகாரத்துக்குக் கறுப்பு அல்லது அடர்ந்த பழுப்பு, மெல்லிய வார். பைலட் போன்ற கறுப்பு முகத்துக்கு ஆவாரை நிறத்தில், கொஞ்சம் தடித்த, முரட்டுத் தோல். வெள்ளை நூலில் தையல் வெளியே தெரிய வேண்டும். ஜனதாவின் வெள்ளை முகத்துக்கு எதுவும் பொருந்தும். ஏழைக்கு எல்லாரும் உறவு என்பதுபோல. என்னிடம் உள்ள ஒன்பது வார்களில் நான்கை ஜனதாவுக்கே மாற்றி மாற்றிப் போடுகிறேன். ஸ்பிரிங் பின்னை நெம்பி வாரை மாற்ற இரண்டு நிமிடம். அதே கடிகாரம் திங்கட்கிழமை குமாஸ்தா போல் இருக்கும். வெள்ளிக்கிழமை கல்யாண மாப்பிள்ளை ஆகிவிடும். புதுக் கடிகாரம் வாங்க வசதி இல்லாதவனுக்கு இதைவிட மலிவான இன்பம் உண்டா?

ஒரே வாரை நாள்தோறும் கட்டக் கூடாது. கத்திரி வெயிலில் தோல் வியர்வையைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் காயவிட்டால்தான் உப்பு அரிக்காது. நான் ஒருநாள் விட்டு ஒருநாள் கடிகாரம் மாற்றுவதன் இரகசியம் இதுதான், நண்பர்களே. ஜமீன்தாரித்தனம் அன்று.

தோலிலும் இரண்டு வகை உண்டு. பட்டையில் பதனிட்டது ஒன்று. குரோமியத்தில் பதனிட்டது மற்றொன்று. நம் பக்கத்துப் புறம்போக்கிலெல்லாம் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறதே ஆவாரை, அதன் பட்டைச் சாற்றில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய முறை. சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, சதை சீவி, பட்டைத் தொட்டியில் இறக்கி, கடைசியில் கடுக்காய் நீரில் முடிப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நம் அண்டை ஊரான புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டி சூசா என்பவர் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார் என்றும், அதன்பிறகே சென்னைத் துறைமுகம் வழியாக இந்தத் தோல் பெருமளவில் லண்டனுக்குப் போனது என்றும் சொல்வார்கள். "ஈஸ்ட் இந்தியா தோல்" என்பது அதன் வணிகப் பெயர். இப்போது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று எங்கள் பக்கம் மாட்டின் கழுத்தில் ஆவாரம்பூ மாலை போடுவதுண்டு. உயிரோடு இருக்கும்போது பூ; போன பிறகு பட்டை. மாட்டுக்கும் ஆவாரைக்கும் அப்படி ஒரு பந்தம்.

குரோமியம் வேறு வகை. ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். தோல் வெளிர்நீலமாய், மெத்தென்று, தண்ணீருக்கு அஞ்சாததாய் வரும். சென்னையில் குரோம்பேட்டை என்று ஓர் ஊர் இருப்பதே அந்தத் தொழிலால்தான். இன்று உலகத்தில் பெரும்பகுதித் தோல் இந்த வகை. அதற்கான விலையைக் கொடுத்தது பாலாறு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தொழிற்கூடங்களின் கழிவு கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சுற்றுச்சூழல் பாடத்தில் படித்திருப்பீர்கள். மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பில். அழகிய வாரைக் கையில் கட்டும்போது இதை மறந்துவிட முடியாது. நான் பட்டைத் தோலையே விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் சுயநலம். குரோமியத் தோல் வாங்கிய அன்று இருப்பதுபோலவே கடைசிவரை இருக்கும். பட்டைத் தோல் வெயிலையும் கையின் எண்ணெயையும் வாங்கி நாளுக்கு நாள் நிறம் கனிந்துகொண்டே போகும். பலாச்சுளை நிறத்தில் வாங்கியது ஓராண்டில் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிடுகிறது.

தோலைத் தொட்டவனைத் தள்ளிவைத்த நாட்டில், அந்தத் தொழிலுக்கு மரியாதை தேடித்தந்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் காந்தியடிகள். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கக் கற்றார். தம் கையால் தைத்த ஒரு சோடியை, தம்மைச் சிறையிலிட்ட ஸ்மட்சுக்கே பரிசளித்தார். அவர் பயன்படுத்திய செருப்பும் ஜெனித் பைக்கடிகாரமும் 2009-இல் நியூயார்க்கில் மற்ற சில பொருள்களோடு சேர்ந்து ஒரே ஏலத்தில் போயின. 18 இலட்சம் டாலர்! கடிகாரமும் தோலும் ஒரே விலையில் போன ஏலம் அது ஒன்றாகத்தான் இருக்கும். மற்றொருவர் விஞ்ஞானி நாயுடம்மா. சென்னை அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராய் இருந்து, தோல் பதனிடுவதைப் பல்கலைக்கழகப் படிப்புக்கு உரிய அறிவியலாய் உயர்த்தியவர். 1985 ஜூன் 23 அன்று அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்த கனிஷ்கா விமானத்தில் இருந்தார். இவர்கள் பெயரெல்லாம் தாத்தாவுக்குத் தெரியாது. காந்தி செருப்புத் தைத்தார் என்று நான் சொன்னபோது, "ஒத்தை ஊசியா, ரெட்டை ஊசியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வேடிக்கையாய்த் தோன்றலாம். எல்லாம் அதில்தான் இருக்கிறது. தையல் எந்திரத்தில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்திருக்கும். ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்து அவிழும். இரட்டை ஊசித் தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் செலுத்த வேண்டும். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் விடாது. உலகப் புகழ்பெற்ற வெளிநாட்டுக் குதிரைச் சேணக்காரர்கள் செய்வதும் இதுவே. அவர்கள் பெயர் தோலில் பொறிக்கப்பட்டிருக்கும். அதனால் விலை வேறு.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒருநாள், நெய்வேலியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் காரை நிறுத்தி இறங்கினார். நான் தாத்தாவுக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். காகிதத்தில் சுற்றிய ஒரு கடிகாரத்தை நீட்டினார். ஒமேகா! கண்ணாடிக்கு வெளியிலிருந்தே நான் பார்த்திருந்த பொருள் என் உள்ளங்கையில் இருந்தது. நிலவுக்குப் போன கடிகாரத்தைச் செய்த நிறுவனம்; 1969-இல் ஆல்ட்ரின் ஒமேகா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் நிலவில் நடந்தார். (அன்றைக்கு அதில் தோல் வார் இல்லை, விண்வெளி உடைக்கு மேலே கட்ட நீண்ட ஒட்டுப்பட்டை போட்டிருந்தார்கள்.) இவருடையது அவ்வளவு பெரியது அன்று, மெல்லிய, வெள்ளி நிற முகம். பணி நிமித்தம் ஜெர்மனி போனபோது வாங்கியதாம். முதலைத் தோல் வார் இற்றுப் போயிருந்தது. சென்னையில் அதே போன்ற வாருக்குச் சொன்ன விலை அவரை மலைக்க வைத்துவிட்டது.

"இதே மாதிரி முதலைத் தோல்ல முடியுமா பெரியவரே?" என்று கேட்டார்.

"முதலை கொள்ளிடத்துல இருக்குதுங்க ஐயா, நம்மகிட்ட இல்லீங்க" என்றார் தாத்தா.

நான் குறுக்கிட்டு 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னேன். நம் நாட்டு முதலையைத் தொடவே கூடாது. அதன் தோலுக்காகவே வேட்டையாடி அழித்துக்கொண்டிருந்ததால்தான் 1976-இல் மாமல்லபுரம் சாலையில் முதலைப் பண்ணை வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அவர் சிரித்துக்கொண்டே, "சரி தம்பி, உங்க இஷ்டப்படி செய்ங்க; அடுத்த செவ்வாய்க்கிழமை வரேன்" என்று போய்விட்டார். பல்லாயிரம் ரூபாய்க் கடிகாரத்தை ஒரு சாய்ப்புக் கடையில் ரசீது இல்லாமல் விட்டுப் போனார். அந்த ஐந்து நாளும் தாத்தா இரவில் சரியாய்த் தூங்கவில்லை. தலையணைக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது.

கன்றுத்தோலில் செய்வது என்று முடிவாயிற்று. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் துண்டுத் தோல்களைக் கடலூரில் கிலோக் கணக்கில் விற்பார்கள். அதிலிருந்து தாத்தா பொறுக்கி வைத்திருந்த பட்டைத் தோல் ஒன்று. அவருக்கு இப்போது கண் மங்கல். ஆகவே அளப்பது நான், வெட்டுவது அவர். கடிகாரத்தின் காதுகளுக்கு நடுவே 18 மில்லிமீட்டர். பக்கிள் பக்கம் போகப்போக 16. நீண்ட துண்டு 115, குட்டைத் துண்டு 75. மேலே கன்று, கீழே வியர்வை தாங்கும் ஆட்டுத்தோல். இரண்டும் சேர்ந்து தடிக்காமல் இருக்க ஓரங்களைத் தாள் போலச் சீவ வேண்டும். கத்தியைப் பிடித்ததும் அந்தக் கைநடுக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. துளைகளைக் குத்தூசியால் நான் குறித்தேன். அவர் விரலால் தடவிப் பார்த்து மூன்றைத் தள்ளிக் குத்தச் சொன்னார். மெழுகு தேய்த்த நூல்; இரண்டு ஊசி. தைத்து முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. ஓரத்தை மெழுகு வைத்துத் துணியால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போலாக்க மூன்றாவது மாலை.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். கட்டிக்கொண்டு கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு?" என்றார்.

தாத்தா தலையைச் சொறிந்தார். "ஐயா பாத்துக் குடுங்க."

நான் "எண்ணூறு ரூபாய், சார்" என்றேன்.

தாத்தா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அவர் வாழ்நாளில் ஒரு செருப்புக்கு வாங்கிய தொகையெல்லாம் என் நினைவில் ஓடியது. பொறியாளர் ஒன்றும் பேசாமல் எண்ணூறை எண்ணிக் கொடுத்து, தாத்தாவிடம் வணக்கம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் போன பிறகு வெகுநேரம் தாத்தா பேசவில்லை. கடை எடுத்துவைக்கும் நேரத்தில், "அவ்வளவு கேக்கலாமாப்பா?" என்றார். மூன்று மாலைகளின் கூலி, தோல், நூல், மெழுகு என்று விரல்விட்டுக் கணக்குச் சொன்னேன். கணக்குச் சரி என்று ஒப்புக்கொண்டார். "ஆனா கேட்டுப் பழக்கமில்ல. நெல்லு அளந்து போடறப்ப எங்கப்பன் மொகத்த நிமித்தி மரக்காலப் பாத்ததில்ல" என்றார்.

அந்த எண்ணூறில் நான் எதுவும் கேட்கவில்லை. மிஞ்சிய கன்றுத்தோல் துண்டு மட்டும் கேட்டேன். அதில் ஒரு வார் தைத்தேன்; முதல் தையலிலிருந்து கடைசித் தையல்வரை நானே. ஆறு இடத்தில் கோணல். அதை ஜனதாவில் மாட்டி, பொங்கலன்று தாத்தாவின் கையில் கட்டினேன். "எனக்கெதுக்கு?" என்று ஒரு தடவை சொன்னார், இரண்டாம் தடவை சொல்லவில்லை. வார் அவர் மணிக்கட்டுக்குப் பெரிதாய்த் தொளதொளத்தது. ஏழு துளைகளும் போதவில்லை. என்னிடமிருந்து குத்தூசியை வாங்கி, தம் கையிலிருந்து கழற்றாமலே, கட்டைவிரலால் இடம் பார்த்து எட்டாவது துளையை அவரே போட்டுக்கொண்டார்.

இப்போது என் சொத்துக் கணக்கில் கடிகாரம் 2 ஆகிவிட்டது. வகுப்பில் ஜமீன் நொடித்துப்போனதாகப் பேச்சு. தாத்தாவிடம் மாதத்துக்கு நாலைந்து பேர் கடிகார வார் தைக்க வருகிறார்கள். பொறியாளர் சொல்லி அனுப்பியவர்களாக இருக்கலாம். விலை கேட்டால் நானூறு என்கிறார். வேலை கூடுதல் என்றால் அறுநூறு. சொல்லும்போது மட்டும் வந்தவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத் திருப்பி ஜனதாவைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.